விறைப்பு ஊசிக்குப் பிறகு வீட்டில்: முதல் இரண்டு நாட்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் கிராமங்களில் இருந்து கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் வைத்தியசாலைகளுக்குச் சத்திரசிகிச்சைக்குப் போய்வருகிறவர்கள் பலர். உடம்பில் தங்கிப்போன செல் துண்டை எடுப்பதற்கு, முறிந்த எலும்புக்கு வைத்த தகட்டையோ கம்பியையோ கழற்றுவதற்கு, ஆறாத காயத்தைத் துப்புரவாக்குவதற்கு, கால் எடுத்த இடத்தின் முனையைச் செயற்கைக்காலுக்கு ஏற்றபடி திருத்துவதற்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். இவர்களில் சிலருக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. கைக்கோ காலுக்கோ போகும் நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டு, அந்த உறுப்பை மட்டும் விறைக்கச் செய்கிறார்கள். அன்றைக்கே அல்லது அடுத்த நாள் வீட்டுக்கும் விடுகிறார்கள். அந்த ஊசியோடு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைப் பேற்றுச் சத்திரசிகிச்சையில் முதுகில் போடும் ஊசி வேறு. அதற்கான ஆலோசனைகளும் வேறு. நான் இன்று சொல்வது தோள், கழுத்தோரம், கமக்கட்டு, கவடு, முழங்காலின் பின்பக்கம் போன்ற இடங்களில் போடப்படும் நரம்பு விறைப்பு ஊசியைப் பற்றி மட்டுமே.

இந்த ஊசி என்ன செய்கிறது?

நரம்பு என்று சொல்லும்போது பலர் இரத்தம் ஓடும் குழாயை நினைக்கிறார்கள். இது அதுவல்ல. வெள்ளை நூல் போல உடம்பு முழுவதும் ஓடி, தொடுகை, சூடு, வலி ஆகிய செய்திகளை மூளைக்குக் கொண்டுபோவதும், "விரலை மடக்கு, காலைத் தூக்கு" என்ற கட்டளையை மூளையிலிருந்து கொண்டுவருவதும்தான் இந்த நரம்பு. ஊசி மருந்து அந்தச் செய்தி போகும் வழியைச் சில மணித்தியாலங்களுக்கு மறிக்கிறது. நரம்பை அறுப்பதில்லை, எரிப்பதில்லை. மருந்து கரைந்து போனதும் வழி திறந்துவிடும்.

வழக்கமாகப் பயன்படும் மருந்துகள் இரண்டு. லிக்னோகெயின் கெதியாக விறைக்கச் செய்யும், சில மணித்தியாலங்களில் விட்டுவிடும். பியூபிவகெயின் நீண்ட நேரம் நிற்கும். பலருக்கு 8 முதல் 18 மணித்தியாலம் வரை, சிலருக்கு ஒரு நாள் முழுவதும்கூட. லிக்னோகெயின் 1940களின் இறுதியில் இருந்தே பாவனையில் உள்ளது. எங்களில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கும் புது மருந்து என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பெரும்பாலானோர் பயப்படுவது வேறொன்றுக்கு. கை இருக்கிறது, ஆனால் அது தன்னுடைய கை போலத் தெரியவில்லை. தூக்கினால் மரக்கட்டை போலக் கனக்கிறது. விரலை மடக்க நினைத்தால் மடங்கவில்லை. காயப்பட்டு ஏற்கெனவே ஒரு உறுப்பை இழந்தவருக்கு, அல்லது அருகில் இருந்தவர் இழந்ததைக் கண்டவருக்கு, இது நெஞ்சை உலுக்கும். "இந்தக் கையும் போய்விட்டதோ" என்று இரவிரவாக அழுகிறவர்களும் உண்டு. போகவில்லை. ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இதை நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் முதலே சொல்லி வையுங்கள்.

வலிதான் எங்கள் காவல்காரன்

அடுப்பில் கை பட்டால் யோசிக்காமலே கையை இழுக்கிறோம். முள் குத்தினால் காலைத் தூக்குகிறோம். ஒரே பக்கமாகக் கை மடங்கிக் கிடந்தால் நித்திரையிலேயே புரண்டு படுக்கிறோம். இவ்வளவையும் எங்களுக்காகச் செய்வது வலி. ஊசி போட்ட உறுப்பில் அந்தக் காவல்காரன் இல்லை. அவன் திரும்பி வரும்வரை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான் காவல் இருக்க வேண்டும். இன்று நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு விஷயம்தான்.

வைத்தியசாலையை விட்டு வெளிக்கிட முன்னர்

நான்கு கேள்விகளுக்கு விடை தெரியாமல் வார்ட்டை விட்டு வெளிக்கிடாதீர்கள். ஒன்று, எனக்குப் போட்ட ஊசி ஏறக்குறைய எத்தனை மணிக்கு விடும்? இரண்டு, வலிக் குளிசையின் முதல் வேளையை எத்தனை மணிக்குப் போட வேண்டும்? மூன்று, காயத்தை எப்போது, எங்கே திறந்து பார்க்க வேண்டும்? நான்கு, இரவில் ஏதும் நடந்தால் எந்த வைத்தியசாலைக்குப் போவது, எந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பது?

வைத்தியர் தமிழ் தெரியாதவராக இருந்தால் கூச்சப்படாமல் தாதியிடமோ உதவியாளரிடமோ கேட்டு, விடைகளை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். துண்டை நோய் விபர அட்டையோடு சேர்த்து வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதை யாரும் தொந்தரவாக எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஊசி போட முன்னரே சொல்ல வேண்டியது. பழைய காயத்தால் ஏற்கெனவே விறைத்துப் போன விரல், தூக்க முடியாத பாதம் ஏதும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது எழுதப்பட்டிருந்தால்தான், பிறகு ஒரு விறைப்பு மிஞ்சினால் அது பழையதா புதியதா என்று பிரித்தறியலாம். சலரோகம், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் அப்போதே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரும் வழியில்

எங்கள் பயணங்கள் நீண்டவை. ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்து, இறங்கி, பிறகு உள்வீதியால் ஆட்டோவிலோ சைக்கிளிலோ போக வேண்டும். பஸ்ஸில் யன்னல் ஓரமாக இருந்தால், விறைத்த கை உங்களுக்குத் தெரியாமலே வெளியே தொங்கக்கூடும். ஆட்டோவிலும் கால் அப்படி வெளியே போகும். கையைத் தூளியில் போட்டு நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள். தூளி இல்லையென்றால் ஒரு சால்வை போதும். கால் விறைத்திருப்பவர் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏறவே வேண்டாம். பாதம் சைலன்சரில் பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது, சில்லுக்குள் போனாலும் தெரியாது. ஆட்டோவுக்குக் காசு கொஞ்சம் கூடத்தான். ஆனால் வெந்த காலுக்கு மருந்து கட்டும் செலவு அதைவிடக் கூட.

முதல் 24 மணித்தியாலத்துக்குச் சைக்கிள், மோட்டார்சைக்கிள், உழவு இயந்திரம் எதையும் ஓட்டாதீர்கள். அதற்குப் பிறகும் உணர்ச்சியும் பலமும் முழுதாகத் திரும்பிய பின்னர்தான் ஓட்ட வேண்டும்.

வீட்டில் முதல் இரவு

படுக்கையை முதலில் பாருங்கள். தறப்பாள் கொட்டிலிலோ தகரக் கொட்டிலிலோ நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள், முடிந்தால் அந்த ஓரிரு நாட்களுக்கு ஒரு கட்டிலை இரவல் வாங்குங்கள். நுளம்பு வலையின் ஓரங்களை மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் நன்றாகச் செருகுங்கள். விறைத்த காலை எலி கடித்தாலும் பூரான் கடித்தாலும் தெரியாது. விடிய இரத்தத்தைக் கண்டுதான் அறிய வேண்டி வரும்.

கையையோ காலையோ தலையணை அல்லது மடித்த போர்வையின் மேல், நெஞ்சு மட்டத்துக்குச் சற்று உயரமாக வைத்திருங்கள். வீக்கம் குறையும். முழங்கையின் உட்புறமும் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமும் நரம்புகள் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. அந்த இடங்கள் கட்டில் சட்டத்திலோ கதிரை விளிம்பிலோ அழுத்திக் கிடக்கக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வைத்திருக்கும் நிலையைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

அடுப்படிப் பக்கம் போகவே வேண்டாம். தேநீர்க் கோப்பையை விறைத்த கையால் பிடிக்காதீர்கள். குப்பி விளக்கு, நுளம்புச் சுருள், வெயிலில் காய்ந்த தகரம், உச்சி நேரத்து மணல் எல்லாம் சுடும், உங்களுக்குத் தெரியாது. இதே காரணத்தால்தான் ஒத்தடமும் கூடாது. வேதனை வரும் என்று பயந்து சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பதும், ஐஸ் வைப்பதும், எண்ணெய் பூசி உருவுவதும், பத்துப் போடுவதும் விறைத்த உறுப்புக்குத் தீங்கானவை. பாட்டியின் கைமருந்தில் உள்ள அன்பை மதிப்போம். ஆனால் இந்த இரண்டு நாளும் அந்த அன்பைக் கஞ்சி காய்ச்சித் தருவதில் காட்டச் சொல்லுவோம்.

கால் விறைத்தவர் தனியாக எழுந்து நடக்கக் கூடாது. நிற்கும்போது கால் பலமாக இருப்பது போலத் தோன்றும். அடுத்த அடியில் முழங்கால் மடிந்துவிடும். மலசலகூடம் வளவின் பின்பக்கம் இருந்தால் இரவில் கட்டாயம் ஒருவர் கூடப் போக வேண்டும். இல்லையென்றால் ஒரு வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, விறகு கொத்துவது, கத்தி பிடிப்பது எல்லாம் உணர்ச்சி திரும்பிய பிறகு.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு ஒரு வார்த்தை. விறைத்த கையில் பிள்ளையைத் தூக்காதீர்கள். பிள்ளை நழுவினாலும் உங்களுக்குத் தெரியாது. படுத்தபடி மற்றப் பக்கத்தால் பால் கொடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து பிள்ளையைத் தூக்கித் தரட்டும். பால் கொடுக்கும் தாய் என்பதை வைத்தியரிடம் சொன்னால், அதற்கேற்ற குளிசைகளைத் தருவார்.

எங்கள் கிராமங்களில் தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். "எனக்கு யார் துணைக்கு இருக்கிறார்கள்" என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. திகதி கிடைத்த அன்றைக்கே பக்கத்து வளவு அக்காவிடமோ மாதர் சங்கத்திலோ சொல்லுங்கள். ஓர் இரவு கூடப் படுக்கவும், ஒரு நாள் சமைத்துத் தரவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் ஒருவர் தேவை. நாளைக்கு அவருக்கு நீங்கள் செய்வீர்கள். யாருமே கிடைக்காவிட்டால் அதை வார்ட்டில் சொல்லுங்கள். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பக் கேட்கலாம். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது.

வலி திரும்பும் நேரம்

பலரை ஏமாற்றும் இடம் இதுதான். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது துளி வலியும் இல்லை. "எனக்குக் குளிசை தேவையில்லை" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். காலை 10 மணிக்குப் போட்ட பியூபிவகெயின் மாலை 6 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் விடலாம். அப்போது அது கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. முதலில் எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கும். பிறகு சத்திரசிகிச்சையின் முழு வலியும் ஒன்றாக எழும்பும். அந்த நேரத்தில் பஸ் இல்லை, பாமசி இல்லை. குளிசையை அப்போது போட்டாலும் அது வேலை செய்ய அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும்.

ஆகவே வலி வர முன்னரே குளிசையைத் தொடங்க வேண்டும். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், படுக்கப் போக முன் ஒரு வேளை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முதல் இரண்டு நாளும் நேரம் பார்த்துப் போடுங்கள், வலியைப் பார்த்து அல்ல.

பனடோல் என்று நாங்கள் சொல்லும் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசையில், 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள பெரியவர் ஒரு தடவைக்கு 2 எடுக்கலாம். அடுத்த தடவைக்கு 6 மணித்தியாலம் விடுங்கள். 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் ஒருபோதும் கூடாது. மெலிந்தவர்களும், ஈரல் வருத்தம் உள்ளவர்களும், தினமும் மது எடுப்பவர்களும் இதைவிடக் குறைவாக எடுக்க வேண்டும்; எவ்வளவு என்று வைத்தியரைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து வைத்தியர் எழுதிய அளவு மட்டுமே. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும்.

டைக்குளோபெனாக் போன்ற குளிசை தந்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம், இழுப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். காய்ச்சல் வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போதும் டைக்குளோபெனாக், அஸ்பிரின் கூடாது. நித்திரை தூக்கும் வலிக் குளிசை தந்திருந்தால் சாராயம், கள்ளு, பியர் எதுவும் அதோடு சேரக் கூடாது.

வலி திரும்பினால் மனம் சோர வேண்டாம். காவல்காரன் வேலைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். விரல்கள் அசையத் தொடங்கியதும், வைத்தியர் தடுத்திருந்தாலன்றி, மணிக்கொரு தடவை மெதுவாக மடக்கி நீட்டுங்கள்.

கால் இழந்தவர்களுக்கு

முனையில் ஊசி அல்லது சத்திரசிகிச்சை முடிந்து வருகிறவர்கள், உணர்ச்சி முழுதாகத் திரும்பி, காயம் ஆறி, வைத்தியர் சம்மதிக்கும்வரை செயற்கைக்காலைப் போடக் கூடாது. விறைத்த தோலை அது உரசிப் புண்ணாக்கினாலும் தெரியாது. தினமும் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து முனையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கசிவு இருந்தால் காட்டுங்கள். இரவில் நித்திரை கலைந்து, கால் இல்லை என்பதை மறந்து எழுந்து விழுகிறவர்கள் உண்டு. ஊன்றுகோலைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

சிலருக்கு வலியைக் குறைப்பதற்காகவே ஊசி போடுகிறார்கள். அதில் ஸ்டீரொயிட் மருந்தும் கலந்திருக்கலாம். அப்படியென்றால் விறைப்பு விட்டதும் பழைய வலி ஓரிரு நாள் திரும்பி வரும். ஸ்டீரொயிட் வேலை செய்யச் சில நாட்கள், சிலருக்கு ஒரு கிழமை வரை எடுக்கும். "ஊசி பலிக்கவில்லை" என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். சலரோகம் உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் சீனி ஏறலாம். கிளினிக்கில் சொல்லிப் பரிசோதியுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

கழுத்தோரம் ஊசி போட்டவர்களுக்குக் கண் இமை கொஞ்சம் இறங்குவதும், குரல் கரகரப்பதும், மூச்சு சற்றுப் பாரமாகத் தெரிவதும் உண்டு. விறைப்போடு அவையும் போய்விடும். குரல் கரகரப்பு இருக்கும்வரை நிமிர்ந்து இருந்து ஆறுதலாகச் சாப்பிடுங்கள்.

ஆனால் பின்வருவன தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்செடுக்கக் கஷ்டம் அல்லது நெஞ்சு நோவு. உதட்டைச் சுற்றி விறைப்பு, காதில் இரைச்சல், உடம்பு துடித்தல், வலிப்பு. விரல்கள் நீலமாகவோ வெளிறியோ குளிர்ந்து போதல். கட்டு இறுகி, குளிசைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வேதனை. ஊசி போட்ட இடத்தில் பெருகும் வீக்கம் அல்லது நிற்காத இரத்தம். இவற்றுக்கு உடனே அருகில் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

விரலின் இரத்த ஓட்டத்தை வீட்டிலேயே பார்க்கலாம். நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதற்குள் சிவந்து வர வேண்டும். முதல் இரவில் இரண்டு மூன்று தடவை இதைச் செய்து பாருங்கள். ஊசியால் வலி மறைந்திருக்கும்போது இந்தப் பரிசோதனை மிகவும் முக்கியம். பிளாஸ்ரர் கட்டை நீங்களாக வெட்டாதீர்கள்.

காய்ச்சல், ஊசி போட்ட இடம் சிவந்து சூடாதல், சீழ் என்பவற்றுக்கு அன்றைக்கே போங்கள். 48 மணித்தியாலம் கடந்தும் விறைப்போ பலமின்மையோ மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது சில கிழமைகளில், சிலருக்குச் சில மாதங்களில் தானாகவே மாறும். நிரந்தரமாகத் தங்குவது மிக அரிது. எதுவானாலும் எவ்வளவு முந்திக் காட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

"திரும்பப் போய்வர ஒரு நாள் கூலி போகுமே, ஆட்டோக் காசுக்கு எங்கே போவது" என்று பலர் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். தயவு செய்து அப்படிப் பொறுக்காதீர்கள். கிராம அலுவலர், குடும்பநல மாது, எங்கள் கள உத்தியோகத்தர் ஆகியோரில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். வாகனத்துக்கு வழி பார்க்கலாம். இரவில் உதவி தேடிப் போகிறவர் அவசரத்தில் பற்றைகளுக்குள்ளால் குறுக்கு வழி போகவேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்ட, எல்லோரும் நடக்கும் பாதையாலேயே போகட்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் காலை இழக்கக் கூடாது.

உறவுகளே, இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாவிட்டால் மூன்றை மட்டும் வையுங்கள். விறைத்த உறுப்புக்கு நீங்கள்தான் காவல். வலி வர முன்னரே குளிசை. சந்தேகம் வந்தால் காத்திராமல் போய்க் காட்டுவது.

யாருக்காவது சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்திருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். அந்த நான்கு கேள்விகளையும் ஒரு துண்டில் எழுதித் தருகிறேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.